போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள்: குழு அமர்வில் ஆன்மிகத்தை எங்கே வைப்பது?

பள்ளிஆலோசகர் கேட்டது:

வணக்கம். போர்முனையில் பணியாற்றித் திரும்பியவர்களின் பிள்ளைகளுக்காக எட்டு வாரக் குழு அமர்வு ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வயது 11 முதல் 15 வரை. வாரம் ஒரு முறை, 60 நிமிடம், குழுவுக்கு எட்டுப் பேர். பெற்றோரில் சிலருக்கு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) இருப்பதை மனநல மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். சிலருக்குக் கை, கால் இழப்பு. இன்னும் சிலர் எந்தச் சிகிச்சைக்கும் போனதில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "பிரார்த்தனை, தியானம் எல்லாம் சொல்லிக்கொடுங்க, மனசு உறுதியாகும்." ஆன்மிக ஈடுபாடு உள்ள பிள்ளைகளிடம் மீள்திறன் (நெருக்கடியிலிருந்து மீண்டு எழும் திறன்) அதிகம் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளைப் படித்திருக்கிறேன். உணர்ச்சிகளைக் கையாளும் திறன்தான் அந்த இரண்டையும் இணைக்கிறது என்றும் எழுதுகிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. தவறாமல் பிரார்த்தனை செய்கிற, "தங்கமான பிள்ளை" என்று பெயரெடுத்தவர்கள்தான் தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி வகுப்பைவிட்டு வெளியே வருகிறார்கள். வேறு சிலர், "அப்பா இப்படி ஆனது எங்களுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போதைய திட்டம்: முதல் 15 நிமிடம் கண்மூடித் தியானம், 5 நிமிடம் கூட்டுப் பிரார்த்தனை, 30 நிமிடம் உணர்ச்சிகள் பற்றிய பாடம், கடைசி 10 நிமிடம் நன்றிக் குறிப்பு எழுதுவது.

இந்த வரிசை சரியா? தண்டனை என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? நம்பிக்கை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்ன வைப்பது? முடிவில் பலன் இருந்ததா என்பதை எதை வைத்துப் பார்ப்பது?

---

குழந்தைமனம் எழுதியது:

வரிசையை மாற்றிவிடுங்கள். உணர்ச்சியை அடையாளம் காண்பது முதலில், ஆன்மிகப் பயிற்சி அதற்குப் பிறகு. இந்தப் பிள்ளைகளிடம் இது ரொம்ப முக்கியம், ஏனென்று சொல்கிறேன்.

2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல்) பி.டி.எஸ்.டி.யின் அறிகுறிகளை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறது: பழைய நிகழ்வு மீண்டும் மீண்டும் வந்து தாக்குவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் இருண்டுபோவது, உடல் எப்போதும் உஷார் நிலையில் இருப்பது. பிள்ளையை அதிகம் பாதிப்பது கத்தலும் கோபமும்தான் என்று நினைப்போம். கோபம் பாதிக்கும்தான். ஆனால் வியட்நாம் போருக்குப் போய் வந்த அப்பாக்களை வைத்துச் செய்த ஆய்வில், பிள்ளைகளுடனான உறவின் தரத்தோடு வலுவாகச் சேர்ந்து நின்றது உணர்ச்சி மரத்துப்போவதுதான். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மதிப்பெண் அட்டையைக் காட்டினால் "ம்" என்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தன் சந்தோஷமோ பயமோ எதிரில் இருப்பவர் முகத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துத்தான் குழந்தை தன் உணர்ச்சியையே கற்றுக்கொள்கிறது. அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது.

அதனால் பிள்ளை வேறொன்றில் தேர்ந்துவிடுகிறது. செருப்புச் சத்தம், கதவைச் சாத்தும் வேகம், டம்ளரை வைக்கும் விதம் எல்லாவற்றையும் வைத்து அப்பாவின் மனநிலையைக் கணித்துவிடும். "அப்பா இப்போ எப்படி இருக்காரு?" என்று கேட்டால் பத்தில் இத்தனை என்று துல்லியமாகச் சொல்லும் பிள்ளை, "நீ எப்படி இருக்கே?" என்றால் "நல்லாருக்கேன்" என்பதோடு நின்றுவிடும். உங்கள் "தங்கமான பிள்ளை"கள் பெரும்பாலும் இவர்கள்தான். வயிற்றுவலி நடிப்பு இல்லை. பேச வழி கிடைக்காதது உடம்பில் வருகிறது.

உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் வகுத்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டால் திட்டமிடுவது எளிது. ஓர் உணர்ச்சியில் ஐந்து இடங்களில் தலையிடலாம் என்கிறார்: எந்தச் சூழலுக்குள் போவது, அந்தச் சூழலை எப்படி மாற்றுவது, கவனத்தை எங்கே வைப்பது, நடந்ததற்கு என்ன பொருள் கொள்வது, கடைசியாக உடலிலும் முகத்திலும் அது வெளிப்படும் விதத்தை மாற்றுவது. ஆன்மிகத்துக்கு இந்த ஐந்திலும் வேலை உண்டு. சத்தம் ஏறும்போது வழிபாட்டு மூலையில் போய் உட்காருவது முதலாவது வகை. ஒரு நாமத்தையோ மூச்சையோ பற்றிக்கொள்வது மூன்றாவது. "அப்பா கெட்டவர் இல்லை, காயப்பட்டவர்" என்று பார்க்க முடிவது நான்காவது. சிக்கல் ஐந்தாவதில்தான். "அழாதே, கடவுள் சோதிக்கிறார்" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அது வெளிப்பாட்டை அடக்கச் சொல்வதுதான், கடவுள் பெயரில். அடக்கிவைத்தால் முகம் மாறாது, உள்ளே இருக்கும் வேதனையும் குறையாது. இதயமும் ரத்தக்குழாய்களும் இன்னும் அதிகமாகத்தான் உழைக்கின்றன. 1990-களில் கிராஸும் லெவென்சனும் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் காதில் விழுவது நினைவில் தங்குவதும் குறைகிறது. வகுப்பில் பிள்ளை தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

எனவே ஒவ்வோர் அமர்வும் இப்படித் தொடங்கட்டும். பிள்ளை தன் தாளில் மூன்று விஷயங்களை எழுதுகிறது: இப்போதைய உணர்ச்சியின் பெயர், 0 முதல் 10 வரை அதன் அளவு, அது உடம்பில் எங்கே தெரிகிறது. பெயர் தெரியாவிட்டால் உடம்பை மட்டும் எழுதினாலும் போதும். முதல் இரண்டு வாரம் "ஒண்ணுமில்ல, 0" என்றே வரும், துருவாதீர்கள். நீங்களும் ஒரு தாளை நிரப்பிப் படித்துக் காட்டுங்கள், "எரிச்சல், 3, தோள்பட்டை" என்பதுபோல. மூன்றாவது வாரம் எண்கள் மாறத் தொடங்கும்.

அளவு 7-க்கு மேல் இருந்தால் முதலில் உடம்பு. பேச்சு, பொருள், பிரார்த்தனை எல்லாம் பிறகுதான். அந்த நிலையில் "வேறு கோணத்தில் யோசி" என்றால் பிள்ளையால் முடியாது. முடியாதபோது தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்ளும்.

கண்மூடி 15 நிமிடம் வேண்டவே வேண்டாம். எப்போதும் உஷாராக இருந்து பழகியவருக்குக் கண்ணை மூடுவதே ஆபத்து மாதிரி இருக்கும். சிலருக்கு வேண்டாத காட்சிகள் அப்போதுதான் வரும். நான் வைக்கச் சொல்வது:

கண் திறந்தே, பார்வை தரையில் ஓர் இடத்தில். முதுகுக்குப் பின்னால் சுவர், கதவு கண்ணில் படும்படி நாற்காலி. விளக்கை அணைக்க வேண்டாம். தொடங்க, முடிக்க மணி அடிக்க வேண்டாம், குரலே போதும். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, ஐந்து சுற்று. நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்தக்கூடாது. "ஆழமா இழு" என்றும் சொல்லாதீர்கள். ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரமரக்கும், பிள்ளை பயந்துவிடும். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு பாதங்களையும் தரையில் பத்து நொடி அழுத்திப் பத்து நொடி தளர்த்தட்டும். மொத்தம் மூன்று நிமிடம். எட்டாவது வாரத்தில் ஐந்து வரை போகலாம்.

---

துணைநிற்போம் எழுதியது:

ஆன்மிக ஆற்றுப்படுத்தல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். குழந்தைமனம் சொன்ன வரிசையோடு முழுக்க ஒத்துப்போகிறேன். "தண்டனை" விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இந்தத் திட்டத்தின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது: நெருக்கடியில் ஆன்மிகத்தை நாடுவது எல்லாம் ஒரே வகை இல்லை. கடவுளைத் துணையாகப் பார்ப்பது, சேர்ந்து வழிபடுபவர்களிடம் ஆறுதல் தேடுவது, நடந்ததில் ஒரு பொருளைத் தேடுவது ஒரு பக்கம். "கடவுள் கைவிட்டுவிட்டார்", "இது என் பாவத்துக்குத் தண்டனை", "என் மேல் அவருக்கு அன்பு இல்லை" என்ற போராட்டம் மறு பக்கம். இந்த மறு பக்கம் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருகிறது. அவருடைய சுருக்கமான கேள்வித்தாளில் 14 வாக்கியங்கள். ஏழு இந்தப் பக்கம், ஏழு அந்தப் பக்கம். "ஆன்மிக ஈடுபாடு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். தினமும் மூன்று வேளை தொழுகிற பிள்ளை, பயத்தில் தொழுகிறதா அன்பில் தொழுகிறதா என்பது தெரியாமல் பயிற்சியைக் கூட்டினால், பயம்தான் கூடும்.

இந்த எண்ணம் பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். சில வீடுகளில் பெரியவர்கள் சொன்ன வாக்கியம் அது. சில வீடுகளில் அப்பாவே, "என்னைக் கடவுள் மன்னிக்க மாட்டார்" என்று சொல்லியிருப்பார். போரில் செய்ததோ, செய்யத் தவறியதோ, கண்ணால் பார்த்ததோ ஒருவருடைய அறவுணர்வையே உடைத்துவிடுவதை அறக்காயம் என்கிறார்கள். முதலில் மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே எழுதினார். 2009-ல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் உடனிருந்தவர்களும் அதை விரிவாக விளக்கினார்கள். அது அப்பாவின் காயம். பிள்ளை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சின்ன வயதில் அப்பாவுக்கு அடிபட்ட பிள்ளைகளிடம் இது இன்னும் ஆழம். ஏழெட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை, தான் நினைத்ததாலோ செய்ததாலோதான் எல்லாம் நடக்கிறது என்று நம்பும். வளர்ந்த பிறகும் அந்த முடிச்சு அவிழாமலே இருக்கும்.

பிள்ளை அப்படிச் சொன்னதும் "சே, அப்படியெல்லாம் இல்லடா" என்று உடனே மறுக்க வேண்டாம். மறுத்தால் பேச்சு நின்றுவிடும், எண்ணம் நிற்காது. இறையியல் விவாதமும் வேண்டாம். நான் சொல்லும் வரிசை: "எப்போதிலிருந்து இப்படித் தோணுது?" என்று கேளுங்கள். "இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?" அடுத்து, "உன் ஃபிரெண்டோட அப்பாவுக்கு இப்படி ஆகியிருந்தா, அது அவனுக்குத் தண்டனைன்னு சொல்லுவியா?" இந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் நீண்ட மௌனம் வரும். அதை நிரப்பாதீர்கள். அதற்குப் பிறகு உண்மையான காரணத்தைக் கொடுங்கள்: அப்பா இருந்த இடத்தில் சத்தம் கேட்டால் உயிர் போகலாம், அதனால் அவர் மூளை ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆபத்து மணியை அடிக்கப் பழகிவிட்டது, வீட்டுக்கு வந்த பிறகும் அது அணையவில்லை, இதற்குச் சிகிச்சை உண்டு, இது யார் செய்த தப்பாலும் வந்தது இல்லை. காரணம் ஒன்று கையில் கிடைத்தால்தான் பழைய காரணத்தைப் பிள்ளை கீழே வைக்கும்.

கடவுள் மேல் கோபம் வந்தால் அதையும் பிரார்த்தனையாகச் சொல்லலாம் என்று காட்டுங்கள். பக்திப் பாடல்களிலேயே கடவுளோடு சண்டை போட்டு, "எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்" என்று நேருக்கு நேர் கேட்டவை ஏராளம். ஏறக்குறைய எல்லா மரபிலும் உண்டு. கடிதமாக எழுதச் சொல்லலாம்: முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் அதனால் என் மனசில் இருப்பது, மூன்றாவதில் எனக்கு வேண்டியது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தாலும் பரவாயில்லை. யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, நீங்களும் கேட்டு வாங்க வேண்டாம்.

அப்பாவை மன்னிக்கும்படி பிள்ளையை ஒருபோதும் தூண்டாதீர்கள். அடி விழும் வீட்டில் மன்னிப்பைச் சொல்லிக்கொடுத்தால், அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். பாதுகாப்பு உறுதியான பிறகு, பிள்ளையே கேட்டால் பேசலாம்.

நன்றிக் குறிப்பிலும் இதே ஆபத்து இருக்கிறது. "அப்பா உயிரோட வந்தாரே, அதுக்கு நன்றியா இரு" என்று ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்ட பிள்ளைகள் இவர்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒன்று போதும். "கஷ்டமா இருந்தது ஒன்று, துணையா இருந்தது ஒன்று" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கூட்டுப் பிரார்த்தனையை எடுத்துவிடுங்கள். நடத்துபவரின் குரலில் ஒரு மதம் வந்தால் மற்றவர்கள் வாயசைப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தை "அவரவர் வழியில் அமைதி" என்று வையுங்கள். நான்கு தெரிவுகளைப் பலகையில் எழுதிவிடலாம்: தன் வழக்கப்படி மனசுக்குள் பிரார்த்தனை, தனக்கு முக்கியமான ஒரு பண்பை நினைத்து இன்று அதை எங்கே காட்டலாம் என்று யோசிப்பது, ஜன்னல் வழியே ஒரு மரத்தையோ வானத்தையோ விவரம் விவரமாகக் கவனிப்பது, ஒருவருக்கு நல்லது நேர நினைப்பது. நம்பிக்கை இல்லாத பிள்ளைக்கு இவற்றில் மூன்று இருக்கிறது, அது தனித்துத் தெரியவும் தெரியாது. பெற்றோரின் ஒப்புதல் வாங்கும்போது இந்த நான்கையும் எழுத்தில் காட்டிவிடுங்கள். பிள்ளையின் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள்.

---

அளவுகோல் எழுதியது:

அளவீடு பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் தவறு எளிதாக நடக்கிறது.

நீங்கள் படித்த "ஆன்மிகம் கூடினால் மீள்திறன் கூடும்" ஆய்வுகளில் எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். பலரும் எடுப்பது கானர்–டேவிட்சன் அளவுகோல். 2003-ல் வந்தது, 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 100. அதன் ஐந்து காரணிகளில் ஒன்றே ஆன்மிகத் தாக்கம். கடவுளோ விதியோ உதவும் என்பதும், நடப்பதற்கெல்லாம் காரணம் உண்டு என்பதும் அதில் இரண்டு வாக்கியங்கள். ஆக ஆன்மிகக் கேள்வித்தாளையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே கேள்வியை இரு பக்கமும் கேட்டுவிட்டு "தொடர்பு இருக்கிறது" என்று சொன்னதாகும். தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். 2007-ல் வந்த 10 வாக்கிய வடிவத்தில் அந்த இரண்டும் இல்லை, அதை எடுங்கள். மைக்கேல் உங்கர் குழுவினர் சிறுவர்களுக்கென்றே செய்த மீள்திறன் அளவுகோலின் 28 வாக்கிய வடிவத்திலும் ஆன்மிகப் பகுதி உண்டு. எடுத்தால் அந்தப் பகுதியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

உணர்ச்சியைக் கையாள்வதற்கு, கிராஸும் ஜானும் 2003-ல் வெளியிட்ட கேள்வித்தாளின் சிறுவர் வடிவம் போதும். 10 முதல் 18 வயதுக்கானது, 10 வாக்கியங்கள்: ஆறு, வேறு கோணத்தில் பார்ப்பது பற்றி, நான்கு, அடக்கிவைப்பது பற்றி. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளில் முதலாவது ஏறி, இரண்டாவது இறங்காமல் நின்றால், "நல்லதா யோசிக்கிறேன், ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற நிலை. அது பாதி வழி.

உணர்ச்சியைக் கையாளும் திறன்தான் இணைக்கிறது என்றீர்களே, அந்த இணைப்புக் கண்ணி பற்றி. ஒரே நாளில் மூன்று கேள்வித்தாள்களையும் கொடுத்துவிட்டு ஆன்மிகம் → உணர்ச்சிக் கையாளுகை → மீள்திறன் என்று அம்புக்குறி போடுவது வழக்கமாகிவிட்டது. அம்பைத் திருப்பிப் போட்டாலும் அதே தரவு ஏறக்குறைய அதே அளவுக்குப் பொருந்தும்: மன உறுதியுள்ள பிள்ளைக்குத்தான் நம்பிக்கை வைப்பது எளிது என்றும் சொல்லலாம். எது முந்தி எது பிந்தி என்று தெரிய, குறைந்தது மூன்று காலப்புள்ளிகளில் அளக்க வேண்டும். மேக்ஸ்வெல்லும் கோலும் 2007-ல் கணித ரீதியாகவே காட்டினார்கள், ஒரே நேரத்தில் எடுத்த தரவிலிருந்து இடைநிலை விளைவை (நடுவில் இருப்பதன் வழியாக வரும் பலனை) கணக்கிட்டால் முடிவு பெரிய அளவில் தவறலாம் என்று. உங்கள் நோக்கம் ஆய்வுக் கட்டுரை இல்லை என்பதால் தொடக்கம், நான்காவது வாரம், எட்டாவது வாரம், அப்புறம் மூன்று மாதம் கழித்து ஒரு முறை என்று வையுங்கள்.

எட்டுப் பேரின் சராசரி எதையும் நிரூபிக்காது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சராசரி மாறிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கோடு வரையுங்கள். கேள்வித்தாளைவிட நான் நம்புவது இதை: மனம் கலங்கிய பிறகு வகுப்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது. வெளியே போன நேரம், திரும்பிய நேரம், இரண்டு மட்டும் ஆசிரியர் குறிக்கட்டும். 40 நிமிடம் 15 ஆகிறது என்றால் மீள்திறன் கண்ணெதிரே தெரிகிறது. ஆசிரியர் பார்வைக்கு குட்மனின் 25 வாக்கிய பலமும் சிரமமும் கேள்வித்தாள் பயன்படும்; 11 வயது முதலான பிள்ளைகளே நிரப்பும் வடிவமும் அதில் உண்டு. "தங்கமான பிள்ளை" தன் தாளில் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்று போட்டிருக்கும், ஆசிரியர் தாள் வேறு கதை சொல்லும். அந்த இடைவெளி குறைகிறதா என்று பாருங்கள்.

---

வீட்டுவாசல் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் பிள்ளையிடம் செய்ய வேண்டியவை. வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்கிறது. மீதி 167 மணி நேரம் பெரும்பாலும் வீட்டில். அதனால் பெற்றோருக்கு குறைந்தது இரண்டு அமர்வு வையுங்கள், ஒன்று தொடங்கும் முன், ஒன்று நான்காவது வாரம். போரிலிருந்து வந்த பெற்றோர் வர மறுத்தால் மற்றவர் மட்டும் வரட்டும். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

உளவியலாளர் எம்மி வெர்னர் ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மிகக் கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் திடமாக வளர்ந்தார்கள். அவர்களிடம் இருந்தவற்றில் முக்கியமானது, மாறாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டி, அத்தை, ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். சமய நம்பிக்கையும் வழிபாட்டுக் குழுவும் பலருக்குத் துணைநின்றன. ஆனால் அங்கே கிடைத்தது நம்பிக்கை மட்டும் இல்லை: ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில், அதே முகங்கள், "ஏன் போன வாரம் வரல?" என்று கேட்க ஆட்கள். ஆன்மிகத்தின் பலனில் பெரும்பங்கு இந்த ஒழுங்கிலும் இந்த முகங்களிலும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எனவே பிள்ளையிடம் தனியாகத் தியானம் செய்யச் சொல்வதைவிட, குடும்பமாக வாரம் ஒரு முறை 10 நிமிடம் எதையாவது சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். விளக்கேற்றுவது, வாசிப்பது, சேர்ந்து நடப்பது, அது அவர்கள் இஷ்டம். நேரம் மாறக்கூடாது, அந்த 10 நிமிடத்தில் அறிவுரை கூடாது.

பெற்றோர் அமர்வில் கட்டாயம் சொல்ல வேண்டியவை சில உண்டு.

வண்ண அடையாளம்: மனம் கொந்தளிக்கப்போகிறது என்று தெரிந்தால் அப்பா "மஞ்சள்" என்று சொல்லிவிட்டு 20 நிமிடம் தனியாகப் போகட்டும், திரும்பி வருவேன் என்றும் சொல்லட்டும். பிள்ளை ஊகிக்க வேண்டிய வேலை அதோடு நின்றது. சொன்ன நேரத்தில் திரும்பாவிட்டால் இந்த முறை ஒரே வாரத்தில் செத்துவிடும், அதை அழுத்திச் சொல்லுங்கள்.

கத்திவிட்டால் அன்றைக்கே சரிசெய்வது. மூன்று வாக்கியம் போதும்: "நான் கத்தினேன். அது உன் தப்பு இல்ல. அடுத்த தடவை வெளிய போயிட்டு வருவேன்." நீண்ட விளக்கமும் அழுகையும் வேண்டாம், அப்போது பிள்ளை அப்பாவைத் தேற்ற ஆரம்பித்துவிடும்.

கெட்ட கனவில் அலறுபவரைப் பிள்ளை தொட்டு எழுப்பக்கூடாது. அரைத்தூக்கத்தில் கை ஓங்கிவிட வாய்ப்பு உண்டு. பெரியவர் ஒருவர், கால்மாட்டில் எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

போரைப் பற்றி என்ன சொல்வது? ஒன்றுமே சொல்லாமல் விட்டால் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பும், அது உண்மையைவிடக் கோரமாக இருக்கும். எல்லாவற்றையும் சொன்னால் அந்தக் காட்சிகள் பிள்ளையின் கனவில் வரும். "பயங்கரமான இடத்துல இருந்தேன், நண்பர்களை இழந்தேன், அது இன்னும் என்னை விடல, டாக்டர்கிட்ட போறேன்" என்ற அளவு 11 வயதுக்குப் போதும். ரத்தமும் உடலும் வரும் விவரம் எந்த வயதிலும் வேண்டாம்.

கை, கால் இழந்தவர் வீட்டில் பெற்றோர் இடத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடம் சரிபார்ப்பது, அனுமதி கொடுப்பது, கண்டிப்பது அவரிடமே இருக்கட்டும். உதவி செய்வதில் தவறில்லை. தீர்மானம் எடுப்பது பிள்ளையின் தலையில் விழக்கூடாது.

வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் பூட்டி, தோட்டாவை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிய பேச்சு, வீட்டில் அடி, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ பள்ளி மறுப்போ, பேசிக்கொண்டே இருக்கும்போது பிள்ளை "எங்கேயோ போய்விடுவது": இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழு அமர்வு போதாது. சாவுப் பேச்சோ அடியோ என்றால் அன்றைக்கே நடவடிக்கை. மற்றவற்றுக்கு அந்த வாரத்துக்குள் குழந்தை மனநல மருத்துவர்.

---

பள்ளிஆலோசகர் கேட்டது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தியானத்தை மூன்று நிமிடமாக்கி, தாளில் எழுதுவதற்குப் பின்னால் நகர்த்திவிட்டேன். பெற்றோர் அமர்வு இரண்டும் சேர்த்தாயிற்று. ஒரு சந்தேகம்: குழுவில் ஒரு பிள்ளை, அப்பா சொன்ன போர்க்காட்சியை விவரமாகச் சொல்லத் தொடங்கிவிட்டால்? நிறுத்தினால் அவமானப்படுத்தியதாகாதா?

---

குழந்தைமனம் எழுதியது:

நிறுத்தத்தான் வேண்டும், மற்ற ஏழு பேருக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும். அவமானமாகாமல் இருக்க, விதியை முதல் நாளே வைத்துவிடுங்கள்: "இங்கே நம்ம உணர்ச்சியைப் பேசுவோம். அப்பா, அம்மா பார்த்த காட்சிகளை என்கிட்ட தனியா சொல்லலாம்." அப்போது நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த விதி, அந்தப் பிள்ளைக்கான கண்டிப்பு இல்லை.

தொடங்கிவிட்டால் கையை லேசாக உயர்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இது ரொம்பப் பெரிய விஷயம், நீ இதைத் தனியா சுமந்திருக்கே. முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பேசுவோம். இப்போ சொல்லும்போது உடம்புல எங்க தெரியுது?" கதையிலிருந்து உடம்புக்குக் கவனம் வரும். உடனே குழு முழுவதையும் பாத அழுத்தப் பயிற்சிக்குக் கொண்டுபோங்கள், மற்றவர்களும் அதிர்ந்திருப்பார்கள். அமர்வு முடிந்ததும் சொன்ன வாக்கைக் காப்பாற்றி, அன்றே 10 நிமிடம் தனியாக உட்காருங்கள். அங்கேயும் காட்சியைக் கிளறாதீர்கள், "இதை உன்கிட்ட எப்போ சொன்னார், கேட்ட அன்னிக்கு ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். அப்பா இன்னும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், நான்காவது வாரத்துக்குக் காத்திருக்காமல் வீட்டில் பேச வேண்டும். பேசப்போவதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எந்த வார்த்தைகளில் சொல்வது என்று பிள்ளையையே கேளுங்கள்.

ரகசியம் காப்பது பற்றியும் முதல் நாளே: இங்கே பேசியது வெளியே போகாது, யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டியவரிடம் சொல்வேன். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், எட்டு வாரமும் அங்கேயே இருக்கட்டும்.